பரிசாக வந்த தொட்டிச் செடி: பெயர் தெரியவில்லை, எப்படிக் காப்பாற்றுவது?

வடவள்ளிமாடி | 18 அக்டோபர், இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பக்கத்து வீட்டில் 12 வருடமாக இருந்த டீச்சரம்மா போன வாரம் வீட்டைக் காலி செய்துவிட்டு மகனோடு போய்விட்டார்கள். பாலக்காட்டுக்காரர். சாமான் ஏற்றி முடித்து வண்டி கிளம்பும் நேரத்தில் ஒரு மண்தொட்டியை இரண்டு கையாலும் தூக்கிவந்து என் வாசலில் வைத்தார்கள். "மே மாசம் பாரு மோளே, வந்து நிக்கும்" என்றார்கள். என்ன வந்து நிற்கும் என்று கேட்பதற்குள் டிரைவர் ஹாரன் அடித்துவிட்டார். போனில் கேட்கலாம்தான். ஆனால் அவர்களுக்குக் காது மந்தம். இரண்டு முறை பேசியும் என் கேள்வி அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

தொட்டி 10 அங்குலம் இருக்கும். ஒரே ஒரு செடி. ஆறு இலைகள், ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. நல்ல பச்சை, மெல்லிய இலை, ஓரம் லேசாக அலை அலையாக இருக்கிறது. நடுநரம்பு எடுப்பாகத் தெரிகிறது. அடியில் தண்டு மாதிரி ஒரு சாண் உயரம். படம் இணைத்திருக்கிறேன். தினமும் ஒரு சொம்பு தண்ணீர் விடுகிறேன். மாடியில் காலை வெயில் விழும் இடத்தில் வைத்திருக்கிறேன். இது என்ன செடி? வேறு என்ன செய்ய வேண்டும்? அவர்கள் நம்பிக் கொடுத்ததை நான் கெடுத்துவிடக் கூடாது என்று பயமாக இருக்கிறது.

திண்ணைப்பூ | 18 அக்டோபர், இரவு 10:03

கல்வாழை மாதிரி தெரிகிறதே அக்கா. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் வாய்க்கால் ஓரமெல்லாம் இருக்கும். தண்ணீர் நிறைய விடுங்கள், தாங்கும்.

கிழங்குமுத்து | 19 அக்டோபர், காலை 5:48

கல்வாழை இல்லைங்க. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தண்டின் அடியில் புள்ளி புள்ளியாக ஏதோ தெரிகிறது. புள்ளி என்றால் எனக்கு உடனே சேனைதான் நினைவுக்கு வரும். ஆனால் சேனைக்கு ஒரே தண்டு மேலே போய், உச்சியில் குடை விரித்த மாதிரி இலை கிழிந்து கிழிந்து பரவும். இங்கே இலை முழுசாக இருக்கிறது. அடித்தண்டை மட்டும் பக்கத்தில் போய் ஒரு படம் எடுத்துப் போடுங்க.

இலைநரம்பு | 19 அக்டோபர், காலை 7:20

பெயர் சொல்வதற்கு முன் மூன்று சோதனை செய்துவிடுவோம். பூ இல்லாத செடியை இலையை வைத்து மட்டும் அடித்துச் சொன்னால் தப்பாகத்தான் போகும்.

முதலில், ஓர் இலையின் நுனியைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்து பாருங்கள். மஞ்சள், இஞ்சி, கச்சோலம் குடும்பமாக இருந்தால் வாசனை காட்டிக்கொடுத்துவிடும். அடுத்து, தண்டை நகத்தால் லேசாகத் தள்ளிப் பாருங்கள். உண்மையான தண்டா, இல்லை வாழை மாதிரி இலைக்காம்புகள் ஒன்றை ஒன்று சுற்றி நிற்கின்றனவா என்று தெரியும். கடைசியாக, தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் விரலால் மேல்மண்ணை ஓர் அங்குலம் மட்டும் விலக்குங்கள். உள்ளே இருப்பது மஞ்சள் மாதிரி கணுக் கணுவான கிழங்கா, வெங்காயம் மாதிரி அடுக்கு அடுக்கான குமிழா என்று பார்த்துவிட்டு மண்ணை மூடிவிடுங்கள். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பெயர் தெரியாத கிழங்கு எதையும் தொட்ட கையோடு சாப்பிடப் போகாதீர்கள்.

வடவள்ளிமாடி | 19 அக்டோபர், மாலை 6:31

செய்துவிட்டேன். வாசனை எதுவும் இல்லை, பச்சிலை நெடி மட்டும்தான். தண்டு தண்டே இல்லை, இலைக்காம்புகள் ஒன்றுக்குள் ஒன்று செருகி நிற்கின்றன. அதன் அடிப்பகுதியில் செம்பழுப்பும் ஊதாவும் கலந்த சின்னச் சின்னப் புள்ளிகள், மையைத் தொட்டு உதறிய மாதிரி. மண்ணை விலக்கிப் பார்த்தால் பெரிய வெங்காயத்தின் கழுத்து மாதிரி வெளிறிய நிறத்தில் அடுக்கு தெரிகிறது. புதிய படங்கள் கீழே.

நாற்றங்கால் | 19 அக்டோபர், இரவு 8:55

அந்தப் புள்ளிகளைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். மார்த்தாண்டம் பக்கம் சின்ன நர்சரி வைத்திருக்கிறேன். இந்தக் குமிழ் வருடா வருடம் என் கையில் வந்து போகிறது. என் கணிப்பு ஃபுட்பால் லில்லி. சிலர் மே மலர் என்பார்கள். "மே மாசம் பாரு" என்று டீச்சரம்மா சொன்னதும் இதற்குச் சரியாகப் பொருந்துகிறது.

சந்தேகப்பட வேண்டிய மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். யூகாரிஸ் லில்லியின் இலை ஏறக்குறைய இப்படியே இருக்கும். ஆனால் அதன் இலை ஒவ்வொன்றும் தனித்தனிக் காம்போடு மண்ணிலிருந்து எழும், இந்தப் பொய்த்தண்டும் புள்ளியும் அதற்குக் கிடையாது. விஷமூங்கில் என்றால் இலை நீண்டு வாள் மாதிரி, தடிமனாக இருக்கும். நிலசம்பங்கிக்கு இலை புல் மாதிரி. ஆகவே எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. ஆனாலும் பூவைப் பார்த்தபிறகுதான் உறுதி.

தினமும் ஒரு சொம்பு என்பது அதிகம். மேல்மண் இரண்டு விரற்கடை காய்ந்த பிறகு விடுங்கள். காலை வெயில் போதும், உச்சி வெயில் பட்டால் இலை கருகும். அப்புறம் முக்கியமான ஒன்று. மார்கழி, தை வாக்கில் இலைகள் பழுத்து விழும். அப்போது தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

திண்ணைப்பூ | 20 அக்டோபர், காலை 9:15

மே ஃப்ளவர் என்பது மரமாயிற்றே சார்? எங்கள் பள்ளிக்கூட வாசலில் செக்கச்செவேலென்று பூக்குமே.

இலைநரம்பு | 20 அக்டோபர், பகல் 1:40

நீங்கள் சொல்வது மயில்கொன்றை, மடகாஸ்கரிலிருந்து வந்த மரம். அதையும் மே ஃப்ளவர் என்கிறார்கள். மே மாதத்தில் பூக்கும் எதற்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் அறிவியல் பெயர் தேவைப்படுகிறது. நாற்றங்கால் சொல்லும் செடி ஸ்கடோக்ஸஸ் மல்டிஃப்ளோரஸ். சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியும் அரேபியத் தீபகற்பத்தின் ஒரு பகுதியும் அதன் தாயகம். 1795-இல் தாமஸ் மார்ட்டின் இதை ஹீமாந்தஸ் மல்டிஃப்ளோரஸ் என்று எழுதினார். ஹீமாந்தஸ் என்றால் கிரேக்கத்தில் ரத்தப்பூ. 1838-இல் ராஃபினெஸ்க் இதை ஸ்கடோக்ஸஸ் பேரினத்துக்கு மாற்றினார். பலர் அதை ஏற்காமல் பழைய பெயரையே எழுதிவந்தார்கள். 1976-இல் ஃப்ரீஸ், நூர்டால் என்ற இருவர் மறுபடி ஆராய்ந்து இரண்டும் வேறுதான் என்று பிரித்துக் காட்டினார்கள். ஒரு காரணம் குரோமோசோம் எண்ணிக்கை: ஸ்கடோக்ஸஸுக்கு 18, ஹீமாந்தஸுக்கு 16. பழைய தோட்டக்கலைப் புத்தகங்களில் தேடினால் ஹீமாந்தஸ் என்றுதான் கிடைக்கும், குழம்ப வேண்டாம்.

வடவள்ளிமாடி | 20 அக்டோபர், இரவு 9:30

இரண்டு நாளில் இவ்வளவு சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள். மனசு நிறைந்த நன்றி. தண்ணீரைக் குறைத்துவிட்டேன்.

வடவள்ளிமாடி | 9 ஜனவரி, காலை 11:05

மன்னிக்கவும், மறுபடி வருகிறேன். டிசம்பர் நடுவிலிருந்து இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகின. நீங்கள் முன்பே சொன்னதுதான். ஆனால் கண்ணெதிரே பழுக்கும்போது சும்மா இருக்க முடியவில்லை. சத்துக் குறைவோ என்று வாழைப்பழத்தோல் ஊறவைத்த தண்ணீர் விட்டேன், அப்புறம் மண்புழு உரம் இரண்டு கை போட்டேன், தண்ணீரும் கூடவே விட்டேன். இப்போது இலை ஒன்றுகூட இல்லை. இன்று காலை தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் அழுகிய வெங்காய வாடை வருகிறது. செத்துவிட்டதா?

கிழங்குமுத்து | 9 ஜனவரி, காலை 11:31

அம்மா, இலை விழுந்தது சாவு இல்லை. எங்கள் ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் காட்டை இந்த மாதம் வந்து பாருங்க. தாள் முழுக்கக் காய்ந்து சாய்ந்து கிடக்கும். அப்படிக் காய்ந்தால்தான் வெட்டவே இறங்குவோம். சின்ன வெங்காயமும் அப்படித்தான், தாள் சாய்ந்த பிறகுதான் பிடுங்குவது. மேலே இருந்த சத்தெல்லாம் கீழே இறங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம். கடைசித் தண்ணீர் எப்போது நிறுத்துவது என்பது ஒவ்வொரு விவசாயிக்கும் தெரியும். உங்கள் தொட்டிக்கும் அதே கணக்குத்தான். ஆனால் அந்த வாடை சரியில்லை. உடனே வெளியே எடுங்க.

நாற்றங்கால் | 9 ஜனவரி, பகல் 12:10

ஆமாம், இன்றே எடுங்கள், நாளைக்குத் தள்ள வேண்டாம். செடியைப் பிடித்து இழுக்கக் கூடாது. தொட்டியைச் சாய்த்து, பக்கத்தில் தட்டி, மண்கட்டியோடு வெளியே எடுங்கள். மண்ணைக் கையால் உதிர்த்துவிட்டுக் குமிழை அமுக்கிப் பாருங்கள். கெட்டியாக இருக்கும் இடம் உயிருள்ள இடம். கொழகொழவென்று இருக்கும் அடுக்கை விரலாலேயே உரித்துவிடலாம், அதற்கு உள்ளே இருக்கிற அடுக்கு வெள்ளையாக, கெட்டியாக வரும்வரை உரியுங்கள். கத்தி வேண்டுமென்றால் கொதிநீரில் முக்கி எடுத்த கத்தி. வேர் தடிமனாக, வெள்ளையாக, நூல்கண்டிலிருந்து பிரித்த கயிறு மாதிரி இருக்கும். நல்ல வேரை ஒன்றுகூட வெட்டாதீர்கள், இந்தச் செடி வேரை இழந்தால் மறுவருடம் பூக்கத் தயங்கும். அழுகிய வேர் தொட்டாலே உருவிக்கொண்டு வரும்.

வெட்டிய இடத்தில் விறகுச் சாம்பல் தடவி, நிழலில் காற்றோட்டமாக நான்கைந்து நாள் வையுங்கள். பிறகு புதிய மண். செம்மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. தொட்டி அதே அளவு போதும், பெரிய தொட்டிக்கு மாற்றினால் ஈரம் நிற்கும். குமிழின் கழுத்து மண்மட்டத்துக்குச் சரியாக இருக்கட்டும். நட்ட பிறகு சொட்டுத் தண்ணீர் வேண்டாம்.

வடவள்ளிமாடி | 10 ஜனவரி, மாலை 4:22

எடுத்துவிட்டேன். தேங்காய் அளவு இருக்கும் என்று நினைத்தேன், எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஒரு பக்கம் மூன்று அடுக்கு அழுகியிருந்தது. உரிக்க உரிக்க நெஞ்சு பதறியது. நான்காவது அடுக்கு பளிச்சென்று வெள்ளையாக, ஈரம் மினுங்க வந்தது. தொட்டால் கல் மாதிரி. வேரில் பாதிக்கு மேல் பிழைத்திருக்கிறது. சாம்பல் தடவி முறத்தில் போட்டுச் சமையலறை ஜன்னல் ஓரம் வைத்திருக்கிறேன், அங்கேதான் காற்று நன்றாக வரும். சின்ன வெங்காயமும் அங்கேதான் உலர்த்துவேன்.

பட்டிமேடு | 10 ஜனவரி, மாலை 4:40

அக்கா, இந்த இழையை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை. அதைச் சமையலறையிலிருந்து இப்போதே எடுத்துவிடுங்கள். வெங்காயம் மாதிரி இருக்கிற விஷக்கிழங்கை வெங்காயத்துக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. நான் மூலனூர்ப் பக்கம். எங்கள் ஊரில் கண்வலிக்கிழங்கு பந்தல் போட்டுப் பயிரிடுகிறார்கள், அதுதான் செங்காந்தள். விதைக்கிழங்கைத் தனி அறையில், பூட்டித்தான் வைப்பார்கள். வேலியோரம் கிடந்த கிழங்கைக் கடித்து என் ஆடு இரண்டு செத்தன. ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த நினைவில் சொல்கிறேன்.

இலைநரம்பு | 10 ஜனவரி, மாலை 5:02

பட்டிமேடு சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். செங்காந்தளும் இதுவும் வேறு வேறு குடும்பம், நஞ்சும் வேறு. ஆனால் ஃபுட்பால் லில்லியின் குமிழிலும் ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. ஆப்பிரிக்காவில் சில இடங்களில் அம்புக்கு விஷம் தடவவும் மீனை மயக்கிப் பிடிக்கவும் சேர்த்த செடி இது. ஆடு மாடுக்கும் ஆகாது. குழந்தை, நாய், பூனை இருக்கிற வீடு என்றால் எட்டாத இடத்தில் வையுங்கள். தொட்டியில் வைத்து ரசிப்பதில் ஆபத்து இல்லை, வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். முறத்தையும் நன்றாகக் கழுவுங்கள்.

வடவள்ளிமாடி | 10 ஜனவரி, மாலை 5:15

எடுத்துவிட்டேன். மொட்டை மாடிப் படிக்கட்டுக்குக் கீழே, உயரத்தில் ஓர் ஆணியில் வலைப்பையில் தொங்குகிறது. மேலே "சாப்பிடக் கூடாது" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். அந்த முறத்தைச் செடி வேலைக்கே ஒதுக்கிவிட்டேன். என் பேத்திக்கு மூன்று வயது. பட்டிமேடு தம்பி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

திண்ணைப்பூ | 11 ஜனவரி, காலை 8:50

டூலிப் குமிழை எல்லாம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால்தான் பூக்குமாமே. இதையும் ஒரு மாதம் வைத்தால் என்ன?

நாற்றங்கால் | 11 ஜனவரி, காலை 9:34

வேண்டவே வேண்டாம். டூலிப் குளிர் நாட்டுச் செடி, பனிக்காலம் கடந்துவிட்டது என்று அதற்குக் காட்ட வேண்டும். இது வெப்ப நாட்டுச் செடி. இதற்குக் கோடை வறட்சிதான் ராத்திரி, மழைதான் விடியல். ஃப்ரிட்ஜில் வைத்தால் குமிழ் கெட்டுப்போகும்.

வடவள்ளிமாடி | 14 மார்ச், இரவு 8:18

நட்டு இரண்டு மாதம் ஆகிவிட்டது. வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மண் வெடிக்கிற மாதிரி காய்ந்திருக்கிறது. கொஞ்சம் தெளிக்கலாமா? உயிரோடு இருக்கிறதா என்று தோண்டிப் பார்க்கலாமா?

கிழங்குமுத்து | 14 மார்ச், இரவு 8:40

தோண்டாதீங்க. கழுத்து மண்மட்டத்தில்தானே இருக்கிறது? ஒரு விரலால் மெல்ல அழுத்துங்க. கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது.

நாற்றங்கால் | 14 மார்ச், இரவு 9:05

நானும் அதையே சொல்வேன். கோவையில் மார்ச் வெயில் கடுமை என்பதால் தொட்டியைச் சுவர் ஓரம் நிழலுக்கு நகர்த்திவிடுங்கள். மாதம் ஒரு முறை ஓரத்தில் கால் சொம்பு விடுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் பூக்கிறது. ஆனால் உங்களுடையது அழுகலிலிருந்து எழுந்த குமிழ். அதனால் நான் விட மாட்டேன்.

வடவள்ளிமாடி | 14 மார்ச், இரவு 9:20

அழுத்திப் பார்த்தேன். கெட்டியாக இருக்கிறது.

வடவள்ளிமாடி | 26 ஏப்ரல், காலை 6:44

முந்தாநாள் ராத்திரி நல்ல கோடை மழை. நேற்றுச் சாயங்காலம்கூட ஒன்றும் இல்லை. இன்று விடியற்காலம் போய்ப் பார்த்தால் மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு முனை! பழுப்புச் சிவப்பு, அதன் மேல் அதே புள்ளிகள். சுண்டுவிரல் நுனி அளவுதான். பேத்தியைத் தூக்கிவந்து தூரத்தில் நின்று காட்டினேன். படம் போட்டிருக்கிறேன், கை நடுங்கியதால் தெளிவாக இல்லை.

நாற்றங்கால் | 26 ஏப்ரல், காலை 7:02

பூத்தண்டு! இலையாக இருந்தால் கூராக, பச்சையாக எழும்பும். இது பருத்த முனை, உள்ளே மொட்டுகள் அடைந்திருக்கின்றன. இப்போது தண்ணீர் கொடுங்கள், தொட்டியின் அடித்துளையில் வழியும்வரை ஒரு முறை. அதற்குப் பிறகு மேல்மண் காயக் காய. தொட்டியைக் காலை வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். அழுகிய குமிழ் அதே வருடம் பூக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உங்களோடு சேர்ந்து எனக்கும் சந்தோஷம்.

வடவள்ளிமாடி | 6 மே, மாலை 6:10

பூத்துவிட்டது. ஒரு முழ உயரத் தண்டு, அதன் உச்சியில் சிவப்புப் பந்து. கிட்டே போய்ப் பார்த்தால் அது ஒரு பூ இல்லை, நூற்றுக்குப் பக்கம் சின்னப் பூக்கள். ஒவ்வொன்றுக்கும் நூல் மாதிரி ஆறு இதழ், ஆறு மகரந்தத் தாள், அந்தத் தாள்களின் நுனியில் மஞ்சள் பொட்டு. எண்ண ஆரம்பித்து 74 வரை வந்தேன், அதற்கு மேல் எது எண்ணியது எது எண்ணாதது என்று தெரியவில்லை. பக்கத்திலேயே முதல் இலை சுருண்டு எழும்புகிறது.

டீச்சரம்மாவின் மகனுக்குப் படத்தை அனுப்பினேன். வீடியோவில் கூப்பிட்டார்கள். காது கேட்காவிட்டால் என்ன, போனைப் பூவுக்கு நேராகக் காட்டினேன். வெகுநேரம் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கல்யாணம் ஆகி வரும்போது அவர்கள் அம்மா முற்றத்திலிருந்து எடுத்துக்கொடுத்த கிழங்காம். 50 வருடத்துக்கு மேல் ஆகிறது என்றார்கள்.

இலைநரம்பு | 6 மே, இரவு 7:25

இனிச் சந்தேகமே இல்லை, ஸ்கடோக்ஸஸ் மல்டிஃப்ளோரஸ்தான். பெரிய குமிழாக இருந்தால் 200 பூ வரைகூட ஒரு பந்தில் இருக்கும். 50 வருடக் கிழங்கு என்று கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பட்டிமேடு | 6 மே, இரவு 8:00

அருமை அக்கா. பேத்தி பக்கம் மட்டும் கவனம்.

வடவள்ளிமாடி | 19 மே, காலை 10:12

பூ வாடிவிட்டது, முழுசாகப் பத்து நாள் நின்றது. இப்போது நான்கு இலை. தண்டை வெட்டலாமா? அப்புறம், குமிழின் பக்கத்தில் பட்டாணி அளவில் ஒரு குட்டிக் குமிழ் எட்டிப் பார்க்கிறது. அதைப் பிரித்து டீச்சரம்மாவுக்கு அனுப்பலாம் என்று ஆசை.

நாற்றங்கால் | 19 மே, பகல் 12:48

காய் பிடித்திருந்தால் விடுங்கள், செக்கச்செவேலென்று பழுக்கும், அழகாக இருக்கும். அதுவும் விஷம்தான். விதை போட்டால் பூக்கச் சில வருடம் ஆகும். காய் இல்லை என்றால் தண்டை அடியில் வெட்டிவிடலாம். இலையை மட்டும் தொடாதீர்கள். அடுத்த வருடப் பந்துக்கான சம்பாத்தியம் முழுக்க இப்போதிலிருந்து மார்கழிவரை இந்த இலைகளில்தான் நடக்கிறது. மாதம் ஒரு கைப்பிடி தொழு உரமும் கொஞ்சம் சாம்பலும் போடுங்கள், போதும். இலைகளுக்கு அடியில் அடிக்கடி பாருங்கள், கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி வைத்த லில்லிப் புழு வந்தால் ஒரே ராத்திரியில் மொட்டையாக்கிவிடும். கையால் எடுத்துப் போடுவதுதான் சிறந்த வைத்தியம்.

குட்டியை இந்த வருடம் பிரிக்க வேண்டாம். தாய்க்குமிழிலிருந்தே சாப்பிட்டு வளரட்டும். அடுத்த தை மாதம் இலை விழுந்த பிறகு பாருங்கள், கோலிக்குண்டு அளவு வந்திருந்தால் பிரிக்கலாம். இல்லை என்றால் இன்னொரு வருடம். அனுப்பும்போது மண் இல்லாமல், காய்ந்த தேங்காய் நாரில் சுற்றி, காற்றுப் போகிற அட்டைப்பெட்டியில் வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம்.

வடவள்ளிமாடி | 19 மே, பகல் 1:05

சரி, தை வரை காத்திருக்கிறேன். தண்ணீர் நிறுத்த வேண்டிய மாதத்தை இப்போதே நாட்காட்டியில் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிட்டேன்.

கிழங்குமுத்து | 19 மே, மாலை 6:20

தாள் சாய்ந்த பிறகு நிறுத்துங்க அம்மா. நாட்காட்டி ஒரு பக்கம் இருக்கட்டும், இலையைப் பார்த்துக்கொண்டே இருங்க.

திண்ணைப்பூ | 19 மே, இரவு 9:41

கோலிக்குண்டு அளவில் இரண்டாவது குட்டி வந்தால் எனக்கு, அக்கா. தஞ்சாவூர் விலாசத்தைத் தனிமடலில் அனுப்பிவைக்கிறேன்.